சரக்காக மலையேறிய பால்ட்சர்

உட்காருங்கள், கண்ணுகளா. முதலில் காலை நீட்டிக்கொள்ளுங்கள். பூட்ஸ் கயிற்றை இறுகக் கட்டியிருப்பவர்கள் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள். இது பாதங்களைப் பற்றிய கதை. கடிக்கிற பூட்ஸோடு கேட்டால் கோபம் என் மேல் திரும்பும்.

எங்கள் சுர்வால் ஊரில் வீடுகளைவிடச் சங்கங்கள் அதிகம். பாட்டுக்கு ஒன்று, ஆடு வளர்ப்பவர்களுக்கு ஒன்று, ஆட்டை விற்றுவிட்டு வருத்தப்படுகிறவர்களுக்கு ஒன்று. எல்லாவற்றுக்கும் தலைமேல் உட்கார்ந்திருப்பது குளிர்கால மலைநடைச் சங்கம். அந்தச் சங்கத்தின் தலைமேல் உட்கார்ந்திருப்பது பூட்ஸ் ஆணையம்.

ஆணையம் பிறந்த கதை எளியது. முன்பு ஒரு தலைவர் பரணில் பல வருஷம் பத்திரமாக வைத்திருந்த பூட்ஸை மாட்டிக்கொண்டு மலையேறினார். பாதி வழியில் அடிப்பாகம் பழைய ரொட்டி மாதிரி பொடிந்து கழன்றது. பன்றித்தொடை இறைச்சியைக் கட்டித் தொங்கவிடுகிற சணலால் அதைக் காலோடு சுற்றிக்கொண்டு இறங்கி வந்தார். வேறு ஊராக இருந்தால் புது பூட்ஸ் வாங்கியிருப்பார்கள். நாங்கள் ஆணையம் அமைத்தோம்.

சரியான பூட்ஸ் எது என்று தேர்ந்தெடுப்பது ஆணையத்தின் வேலை. பனியில் சறுக்குவதற்கு முரட்டு விறைப்பாக ஒன்று வேண்டும். கால் புதையாமலிருக்கப் பனித்தட்டு கட்டி நடப்பதற்கு வளைந்து கொடுக்கிற, கதகதப்பான ஒன்று வேண்டும். கோடையில் பாறை ஏற இலேசாக ஒன்று. இப்படிக் காரியத்துக்கு ஒன்றாக வைத்துக்கொள்வது சாதாரண மனிதர்களின் பலவீனம் என்று ஆணையம் கண்டுபிடித்தது. பல குளிர்காலங்கள் கூடிப் பேசி, எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே பூட்ஸை உருவாக்கியது. பெயர் 'ஒருமை'. நிறம் சாம்பல். ஒரே கொக்கி, ஒரே கயிறு, ஒரே மாதிரி.

அதை அறிமுகப்படுத்தியபோது ஆணையத் தலைவர் லுட்சி ட்சுவோர் பேசிய பேச்சு எனக்கு இன்னும் மனப்பாடம்.

"சிலர் கேக்கறாங்க, இதைப் போட்டா சறுக்க முடியலையே, நடக்க முடியலையேன்னு. நான் மறுக்கல. ஆனா ஒண்ணை கவனிக்கணும். மத்த பூட்ஸெல்லாம் ஒரு வேலைக்கு உதவும், இன்னொண்ணுக்கு உதவாது. பாரபட்சம்! நம்ம ஒருமை எந்த வேலைக்கும் பாரபட்சம் காட்டாது."

கைதட்டினோம். நானும்தான். கைக்கு வலி இல்லையே.

இப்போது பால்ட்சர் வருகிறான். எங்கள் பள்ளத்தாக்குப் பேருந்தின் ஓட்டுநர். கீழ்நாட்டு ஏரிக்கரையிலிருந்து வந்தவன். முப்பத்தைந்து வயது, அகலமான முகம், யாராவது ஏதாவது சொன்னால் உண்மையாக இருக்குமோ என்று யோசிக்கிற கண். மலைமேல் சங்கத்தின் குடிலை நடத்துகிற உர்சினா மேல் அவனுக்குக் காதல். உர்சினா ஊருக்கு இறங்கும் நாட்களில் பேருந்தில் அவன் முதுகுக்குப் பின்னால் உட்காருவாள். இரண்டு வருஷம் முதுகாலேயே பேசிக்கொண்டிருந்தவன் இலையுதிர்காலத்தில் ஒருநாள் வண்டியை ஓரமாக நிறுத்தி, திரும்பி, கேட்டுவிட்டான்.

உர்சினா சொன்னாள்: "பஸ்ஸுல உக்காந்து பதில் சொல்ற விஷயமா இது? பிப்ரவரி நடைக்கு மேல வா. நீ எப்படி ஏறி வர்றேன்னு பாக்கணும். குளிர்காலம் பூரா நான் அங்கதான். அங்க வச்சு சொல்றேன்."

பிப்ரவரி நடை வருஷத்துக்கு ஒருமுறை. பனிச்சரிவு ஆபத்துள்ள பாதை. தனியாகப் போகக் கூடாது என்பது நியாயமான சட்டம். கூட்டமாகப் போவதென்றால் சங்கத்தோடுதான் போக வேண்டும். சங்கத்தோடு போவதென்றால் ஆணையத்தின் முத்திரை விழுந்த பூட்ஸ் வேண்டும். ஆக, ஒரு மனிதனின் கல்யாணம் அவன் பாதத்தில் வந்து நின்றது.

பால்ட்சரின் பாதத்தில் ஒரு விசேஷம். இடது கால் வலதைவிடப் பெரியது. உங்களில் பாதிப் பேருக்கும் அப்படித்தான். வீட்டுக்குப் போய் அளந்து பாருங்கள். அவனுக்கு மட்டும் வித்தியாசம் ஒரு முழு அளவு. அதனால் ஒரே மாதிரியான பழுப்புத் தோல் பூட்ஸ் இரண்டு ஜோடி வாங்கி, பெரியதிலிருந்து இடது, சின்னதிலிருந்து வலது என்று எடுத்துக்கொண்டான். மீதி இரண்டையும் நேர்மாறான கால்கள் உள்ள ஒரு மரம்வெட்டிக்கு விற்றுவிட்டான். அப்படி ஒருவர் கிடைத்ததைத்தான் தன் வாழ்க்கையின் பெரிய அதிர்ஷ்டமாக அதுவரை நினைத்திருந்தான்.

ஜனவரியில் பரிசோதனை. பள்ளிக்கூட உடற்பயிற்சி அறையில் நீள மேசை. மேசைக்குப் பின்னால் தலைவர் லுட்சி, செயலாளர் மெங்கா கடுஃப், சரக்குப் பொறுப்பாளர் பிளாசி. நாங்கள் பெஞ்சில் வரிசையாகக் காலுறையோடு உட்கார்ந்திருந்தோம்.

மெங்கா அவன் பூட்ஸைக் கையில் எடுத்து, திருப்பி, ஒன்றோடொன்று ஒட்டிவைத்துப் பார்த்தாள்.

"தலைவரே, இது ஜோடி இல்ல. ரெண்டு ஒத்தை."

"ரெண்டும் ஒரே கம்பெனிதாங்க்கா," என்றான் பால்ட்சர். "ஒரே தோல். நாலு குளிர்காலம் நடந்திருக்கேன். ஒரு கொப்புளம் வந்ததில்ல."

"கொப்புளம் வரலைங்கறது உன் சொந்த அனுபவம், தம்பி. நான் ஜோடியப் பத்திப் பேசறேன்."

"சரி, ஒருமையே குடுங்க, போட்டுக்கறேன்."

மெங்கா அவன் இரண்டு கால்களையும் அளந்தாள். கூட்டினாள். இரண்டால் வகுத்தாள். கிடைத்த அளவில் ஒரு ஜோடியை முன்னால் வைத்தாள். வலது கால் உள்ளே போய் அங்குமிங்கும் உலாவியது. இடது கால் குதிகால்வரை போய் அங்கேயே நின்றுவிட்டது.

"நுழையலையே."

"சராசரி நுழையும்," என்றாள் மெங்கா.

பால்ட்சர் எழுந்தான். "ரெண்டு அடி நடந்து பாக்கட்டுமா? அப்பத்தானே தெரியும்?"

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடுவே யாரோ விசிலடித்தது போல எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, கீழ்நாட்டுலேர்ந்து வந்தவன், தெரியாம கேட்டுட்ட. மன்னிச்சிட்டேன். நடந்த பூட்ஸ் பழைய பூட்ஸ். பழைய பூட்ஸுக்கு முத்திரை கிடையாது. ஆணையம் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து இந்த அறையில ஒரு பூட்ஸும் ஒரு அடிகூட நடந்ததில்ல. அந்தப் பெருமை எங்களுக்கு உண்டு."

"அப்ப எப்படிங்க தேர்ந்தெடுக்கறீங்க?"

"விவாதிச்சு."

பால்ட்சர் விடவில்லை. "என் கால் இப்படி இருக்கே, அதுக்கு என்னங்க செய்யறது?"

"பாதம்கறது தனிமனுஷன் விஷயம். பூட்ஸ்ங்கறது பொது விஷயம். பொதுவுக்குத் தனிமனுஷன்தான் ஒத்துப்போகணும். பிப்ரவரிக்கு இன்னும் நாள் இருக்கு. முயற்சி பண்ணு."

பாவம், பண்ணினான். காலைப் பனித்தண்ணீரில் ஊறவைத்தால் சுருங்கும் என்று யாரோ சொன்னார்களாம். சுருங்கியது, கூடவே வலதும் சுருங்கியது. வித்தியாசம் அப்படியே இருந்தது. மறுநாள் பேருந்தில் தும்மிக்கொண்டே பயணச்சீட்டு கொடுத்தான். அந்த ஈரமான சீட்டை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

அவனைக் காப்பாற்றியவர் பிளாசி. கெட்ட மனிதர் இல்லை. விதிமுறைகளைக் கைக்குழந்தை போலத் தூக்கித் திரிகிறவர், அவ்வளவுதான். ஒருநாள் கடைசி நிறுத்தத்தில் இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

"பால்ட்சர், நானும் விதியைத் தலைகீழாப் படிச்சுப் பாத்துட்டேன். 'பங்கேற்பவர் ஒவ்வொருவரும் முத்திரை பெற்ற பூட்ஸ் அணிய வேண்டும்.' சரியா?"

"சரிண்ணே."

"சரக்கு என்ன பூட்ஸ் போடணும்னு ஒரு வார்த்தை இல்ல."

"சரக்கு எதுக்குண்ணே பூட்ஸ் போடணும்?"

"அதான் நானும் சொல்றேன். நீ சரக்கா வந்துடு."

வண்டியின் துடைப்பான் பனியைத் தள்ளியது. பனி மறுபடி விழுந்தது.

"மனுஷனா திரும்பி வந்துடலாம் இல்லண்ணே?"

"அது பெறுபவர் கையில இருக்கு," என்றார் பிளாசி.

நடை நாள் வந்தது. விடிந்ததும் பால் பண்ணையில் சரக்கு எடை போட்டார்கள். குடிலுக்குக் கொண்டுபோகிற முழு வட்டப் பாலாடைக்கட்டியை மரச்சட்டத்தில் வைத்து பால்ட்சரின் முதுகில் கட்டி, பாலாடைக்கட்டியோடு அவனையும் தராசில் ஏற்றினார்கள். கோட்டுப் பொத்தானில் ஒரு அட்டை தொங்கவிட்டார்கள்: 'ஈரம் படாமல் வைக்கவும்.' அவன் தன் பழுப்பு பூட்ஸைத்தான் போட்டிருந்தான். யாரும் அதைப் பார்க்கவில்லை. சரக்கின் அடிப்பகுதியை யார் பார்க்கிறார்கள்?

ஏறினோம், கண்ணுகளா. எங்கள் எல்லோர் காலிலும் ஒருமை. பனித்தட்டைக் கட்டி முதல் மேட்டில் கால் வைத்ததுமே வரிசை முழுக்க ஒரே நேரத்தில் நொண்ட ஆரம்பித்தது. தலைவர் திரும்பிப் பார்த்துக் கண் கலங்கினார்.

"பாத்தீங்களா ஒத்திசைவை!"

பால்ட்சர் மட்டும் நேராக நடந்தான். முதுகில் அத்தனை கனம், ஆனாலும் வேகம். இரண்டு முறை எங்களைத் தாண்டப் பார்த்தான். பிளாசி ஓடிப்போய் நிறுத்தினார்.

"சரக்கு பங்கேற்பாளரை முந்தக் கூடாதுப்பா."

"நிக்கறப்பத்தாண்ணே கனக்குது."

"நிக்கறதுதான் சரக்கோட வேலை."

பைன் மரங்களுக்குக் கீழே இளைப்பாறியபோது பானையிலிருந்து பார்லி சூப் ஊற்றினார்கள். சரக்குக்கு சூப் ஒதுக்கீடு இல்லை. மெங்கா தன் கிண்ணத்தோடு அவன் பக்கம் போய், வேறு எங்கோ பார்த்தபடி அதை அவன் கையில் வைத்தாள்.

"உனக்குக் குடுக்கல. உன்னைக் கொஞ்சம் கனமாக்கறேன். காத்து அடிக்குது, பறந்துட்டா யார் பதில் சொல்றது?" என்றாள். சட்டம் படித்தவர்களுக்கும் மனசு உண்டு. வெளியே வர ஒரு காரணம் தேடும், அவ்வளவுதான்.

குடிலுக்குள் யாரும் பூட்ஸோடு நுழைய முடியாது. எந்த மலைக்குடிலிலும் அதுதான் வழக்கம். வாசலை ஒட்டிய உலர்த்தும் அறையில் கழற்றி வைத்துவிட்டு, கூடையிலிருந்து கம்பளிச் செருப்பு எடுத்துக்கொள்ள வேண்டும். சமையலறை அடுப்புக்குப் பக்கத்தில் இரண்டு ஆணிகள் இருந்தன. ஒன்றில் உர்சினாவின் பூட்ஸ் தொங்கும். இன்னொன்று எப்போதும் காலி. ஒரு வருஷம் தலைவர் லுட்சி, தலைவர் என்ற உரிமையில், தன் பூட்ஸை அந்தக் காலி ஆணியில் மாட்டினார். காலையில் அது வெளியே பனிமேட்டில் கிடந்தது. அதற்குப் பிறகு அந்த ஆணியைப் பார்க்கக்கூட எவருக்கும் துணிவில்லை.

உர்சினா வாசலில் நின்றாள். கைமுட்டிவரை மாவு. பால்ட்சரின் அட்டையைப் படித்தாள்.

"என்ன இது?"

"நான் சரக்கு," என்றான் அவன், மூச்சு வாங்க.

"அது தெரியுது. ஏன்?"

"உன்கிட்ட வர வேற வழி கிடைக்கல."

அவள் சிரிப்பை உதட்டுக்குள் கடித்துக்கொண்டாள். "பாலாடைக்கட்டிய உள்ள வை. காலையில சொல்றேன்."

சாயங்காலம் தலைவர் உரை. வழியில் ஒரு பூட்ஸ்கூடச் சேதமாகவில்லை, சேதமானவை கால்கள் மட்டுமே என்று பலத்த கைதட்டலுக்கிடையே அறிவித்தார். பால்ட்சர் மூலையில் பாலாடைக்கட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, உர்சினா போகிற வருகிற பக்கமெல்லாம் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

காலையில் வானம் கண்ணாடி. அழகு, ஆனால் ஆபத்தான அழகு. குடிலுக்குக் கீழே ஒரு சரிவு உண்டு. வெயில் அதன் தலையைத் தொடுவதற்குள் நாங்கள் அதைக் கடந்தாக வேண்டும். தொட்டுவிட்டால் பனி இளகிச் சரியும். இன்னொரு நாள் அங்கேயே முடங்க வேண்டியதுதான். அதனால் ரொட்டியை வாயில் வைத்தபடியே எல்லோரும் உலர்த்தும் அறைக்கு ஓடினோம்.

அங்கே எல்லோரும் நின்றுவிட்டோம்.

குடிலை நடத்துகிறவர்கள் விருந்தாளிகளின் பூட்ஸைக் காயவைக்கிற விதம் ஒன்று உண்டு. நன்றாக நனைந்ததை அந்த அறையின் கணப்பருகே வைப்பார்கள், காய்ந்ததைத் தள்ளிவைப்பார்கள், இரவில் எழுந்து மறுபடி மாற்றுவார்கள். உர்சினாவும் அப்படித்தான் செய்திருந்தாள், அக்கறையாக. பூட்ஸ் அத்தனையும் உலர்ந்து, சாம்பல் நிறத்தில், அச்சு மாறாமல், எங்களைப் பார்த்து நின்றன. எது யாருடையது?

"உள்ள பேர் எழுதியிருக்கலாமே?" என்றாள் உர்சினா.

"எழுதினா ஒருமை கெட்டுடும். தடை போட்டிருக்கோம்," என்றார் தலைவர்.

உடனே அவசரக் கூட்டம். கம்பளிச் செருப்போடு உட்கார்ந்தோம். அகரவரிசைப்படி கொடுக்கலாம் என்றார் ஒருவர். வயதுப்படி என்றார் ஒருவர். பிளாசி, சங்கத்தில் சேர்ந்த வருஷப்படி என்றார். மூன்றையும் வாக்குக்கு விட்டார்கள். மூன்றும் சமமாக வந்தன. ஜன்னலில் வெயில் எதிர்மலையின் உச்சியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. துணைக்குழு அமைக்கலாம் என்று தலைவர் வாயெடுத்தபோது, மூலையிலிருந்து சரக்கு பேசியது.

"கையில கிடைக்கறத ஆளுக்கொண்ணு மாட்டிட்டு நடந்து பாத்தா என்னங்க?"

மறுபடி எல்லோரும் அவனை அதே மாதிரி பார்த்தார்கள். ஆனால் இந்தமுறை ஜன்னலில் வெயில் இருந்தது.

"வீட்டைச் சுத்தி ஒரு தரம்," என்றாள் உர்சினா. "இடிச்சா மாத்துங்க. குதிகால் தூக்கினா மாத்துங்க. பொருந்தினா கிளம்புங்க. அந்தச் சரிவு உங்க துணைக்குழுவுக்காகக் காத்திருக்காது."

நடந்தோம். மாற்றினோம். மறுபடி நடந்தோம். அங்கே நடந்ததை எந்த ஆணையமும் எதிர்பார்த்திருக்காது. குடிலின் பின்பக்கத்திலிருந்து ஒரு அலறல் கேட்டது. ஓடிப் பார்த்தால் மெங்கா, முகமெல்லாம் மலர்ச்சி.

"வலிக்கல! ஐயோ, வலிக்கவே இல்ல!"

குனிந்து பார்த்தோம். இடது காலில் ஒரு அளவு, வலது காலில் வேறு அளவு.

"அக்கா, அது ஜோடி இல்லையே," என்றான் பால்ட்சர், மெய்யான கவலையோடு.

"சும்மா இருடா."

எனக்குக் கிடைத்தது யாருடையதோ தெரியாது. முன்பக்கம் ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு இடம், குதிகால் அசையாத பிடிப்பு. அதை நான் இன்றுவரை திருப்பித் தரவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

தலைவர் லுட்சிக்குக் கடைசியில் பொருந்தியது பிளாசி மாட்டிப் பார்த்துக் கழற்றிப் போட்ட பூட்ஸ். அது அவர் ஊருக்கெல்லாம் சொல்லி வந்த அளவைவிட இரண்டு அளவு பெரியது. சின்னப் பாதம் உயர்ந்த குடும்பத்துக்கு அடையாளம் என்று அவர் வீட்டில் ஒரு நம்பிக்கை. அத்தனை வருஷம் விரலை மடக்கியே தலைமை தாங்கியிருக்கிறார். பனியில் நின்று விரல்களை விரித்தார், மடக்கினார், மறுபடி விரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு உடனே பேச ஆரம்பித்தார்.

"இதுக்காகத்தான் எல்லா பூட்ஸும் ஒரே மாதிரி இருக்கணும்னு ஆணையம் முன்கூட்டியே திட்டமிட்டிருந்தது. இல்லன்னா இப்படிக் கலந்திருக்குமா? கலக்கலன்னா பொருந்தியிருக்குமா? இனி வருஷா வருஷம் பூட்ஸைக் கலைக்கறதுக்கு ஒரு விழா எடுக்கலாம்னு முன்மொழியறேன்."

"வழிமொழியறேன்!" என்றாள் மெங்கா, நடந்துகொண்டே. அவளை நிறுத்த முடியவில்லை.

கிளம்பத் தயாரானோம். அப்போதுதான் பார்த்தோம், பால்ட்சர் இன்னும் கம்பளிச் செருப்போடு நிற்பதை. உலர்த்தும் அறை காலி. பழுப்பு பூட்ஸ் இரண்டையும் காணோம்.

"அறைய நல்லாப் பாத்தியா?" என்றார் பிளாசி.

"பாத்தேண்ணே. கணப்புக்கு அடியிலகூட."

அவன் உர்சினா போன பக்கமே பார்த்துக்கொண்டு நின்றான். பூட்ஸுக்காக அல்ல. காலை வந்துவிட்டது, எல்லோரும் கிளம்புகிறார்கள், அவள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

"கவலைப்படாதே," என்றார் தலைவர். "சரக்கு நடக்கணும்னு அவசியம் இல்ல. பனிவண்டியில கட்டி இழுத்துட்டுப் போயிடலாம். பிளாசி, கயிறு!"

பிளாசி கயிறு தேடிச் சமையலறைக்குள் போனார். போனவர் திரும்பவில்லை. மெங்கா எட்டிப் பார்த்தாள். அவளும் திரும்பவில்லை. பிறகு நாங்கள் எல்லோரும் வாசலில் முண்டியடித்துக்கொண்டு நின்றோம்.

அடுப்புக்குப் பக்கத்தில், முதல் ஆணியில் உர்சினாவின் பூட்ஸ். இரண்டாவது ஆணியில் பழுப்பு பூட்ஸ் இரண்டு, ஒன்று பெரிசு, ஒன்று சின்னது. துடைத்து, எண்ணெய் பூசி, கயிற்றைக்கூட மாற்றியிருந்தாள்.

யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. பால்ட்சருக்கு மட்டும் கொஞ்சம் நேரம் எடுத்தது. ஆணியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி ஆணியைப் பார்த்தான்.

"என்னோடது தப்பான இடத்துல தொங்குது போலிருக்கே," என்றான்.

"இல்ல," என்றாள் உர்சினா, ரொட்டியைத் திருப்பிப் போட்டபடி. "எடம் சரிதான்."

வெயில் சரிவை நெருங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் விதி விதிதான். பிளாசி தொண்டையைக் கனைத்துக்கொண்டு கோட்டுப் பையிலிருந்து சரக்குச் சீட்டை எடுத்தார்.

"பெறுபவர் பதில் சொல்லணும். பாலாடைக்கட்டி ஒண்ணு?"

"வந்துச்சு."

"ஆள் ஒண்ணு?"

"வந்துச்சு."

"திருப்பி அனுப்பறீங்களா?"

"இல்ல. வச்சுக்கறேன்."

"எந்த நிலையில வந்து சேந்தது?"

உர்சினா மாவுக்கையை இடுப்பில் ஊன்றி பால்ட்சரை உச்சியிலிருந்து கம்பளிச் செருப்புவரை நிதானமாகப் பார்த்தாள். எழுதிக்கொள்ளுங்கள் என்று பிளாசியிடம் சொன்னாள்.

"இடது கால் கொஞ்சம் பெரிசு. மத்தபடி சேதம் ஒண்ணும் இல்ல."